மாடியில் கொதிக்கிறது, கீழே வரவில்லை

சோலார் வெந்நீர்த் தொட்டி வைத்திருப்பவர்கள் மாடிக்குப் போய் ஒன்றைப் பாருங்கள். வெந்நீர்த் தொட்டியின் முதுகிலிருந்து செங்குத்தாக ஓர் ஒல்லிக் குழாய் மேலே போகும். வேறு எந்தக் குழாயோடும் சேராமல் தனியாக நிற்கும். அதன் வாயில் மூடி போட்டிருக்கிறதா? துணி சுற்றிக் கயிறு கட்டியிருக்கிறதா? எங்கள் தெருவில் நான் எட்டிப் பார்த்த மாடிகளில் பாதிக்கு மேல் அந்த வாய் அடைபட்டுத்தான் இருந்தது. கேட்டால், "அதுல தண்ணி சொட்டிக்கிட்டே இருந்துச்சுங்க, அதான் மூடிட்டோம்" என்கிறார்கள். எங்கள் வீட்டிலும் மூடச் சொன்னார்கள். நான் விடவில்லை. ஏன் விடவில்லை, அந்தச் சொட்டுக்கு உண்மையான காரணம் என்ன, மாடியில் கொதிக்கிற தண்ணீர் கீழ் பாத்ரூமுக்கு ஏன் வராமல் போனது என்பதையெல்லாம் எழுதி வைக்கிறேன். பதிவு நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் இருப்பது பெண்ணாடம். விருத்தாசலத்திலிருந்து திட்டக்குடி போகிற வழியில், வெள்ளாற்றை ஒட்டிய ஊர். பிரளய வெள்ளத்தைத் தடுக்க நந்தி வாசல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருக்கிறது என்று தலபுராணம் சொல்கிற பிரளயகாலேசுவரர் கோயில் இங்கேதான் இருக்கிறது. எங்கள் பக்கத்து வெயிலைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. "இந்த ஊருக்கு எதுக்குப்பா வெந்நீர்?" என்று வெளியூர் உறவுக்காரர்கள் கேட்பார்கள். வயதான தாயார் உள்ள வீட்டில் இருந்து பார்த்தால் தெரியும். என் அம்மாவுக்குச் சித்திரை வெயிலிலும் வெந்நீர்தான் வேண்டும். முழங்கால் வலிக்கு ஊற்றிக்கொள்ள, மார்கழி விடியலில் குளிக்க, பிரசவத்துக்கு வந்த பெண்ணுக்கு, பிள்ளைக்கு என்று தேவை வருஷம் முழுக்க இருக்கிறது.

முன்பு எங்கள் வீட்டுப் பின்கட்டில் ஒரு செப்பு பாய்லர் இருந்தது. நடுவில் கரி போடுகிற குழல், சுற்றி தண்ணீர், பக்கத்தில் பித்தளைக் குழாய். மேலே ஒரு புனல் இருக்கும். அதில் ஒரு சொம்பு பச்சைத் தண்ணீர் ஊற்றினால் அது அடியில் போய்ச் சேரும், மேலே நிற்கிற சூடான தண்ணீர் அதே அளவு குழாயில் வந்து விழும். ஊற்றாவிட்டால் வராது. சின்ன வயதில் எனக்கு அது பெரிய வித்தை. இன்றைக்கு மாடியில் இருக்கிற சோலார் தொட்டியும் அச்சு அசலாக அதே வேலையைத்தான் செய்கிறது. கரிக்குப் பதில் வெயில், சொம்புக்குப் பதில் சின்டெக்ஸ் தொட்டி. இதைப் பிடித்துக்கொண்டால் பாதிக் கோளாறுகளை நாமே கண்டுபிடித்துவிடலாம்.

தண்ணீர் போகிற வழியைச் சொல்லிவிடுகிறேன். மோட்டார் போட்டதும் போர் தண்ணீர் சின்டெக்ஸுக்கு ஏறுகிறது. அங்கிருந்து ஒரு தனிக் குழாய் இறங்கி வெந்நீர்த் தொட்டியின் அடியில் நுழைகிறது. தொட்டியிலிருந்து சாய்வாக இறங்கும் கண்ணாடி ட்யூப்களில் தண்ணீர் நிற்கிறது. வெயில் பட்டுச் சூடான தண்ணீர் எடை குறைந்து மேலே ஏறித் தொட்டிக்குள் போகிறது, குளிர்ந்தது கீழே இறங்குகிறது. பம்பு கிடையாது, மின்சாரம் கிடையாது. 25 டிகிரியில் 1000 லிட்டர் தண்ணீர் 997 கிலோ என்றால், 60 டிகிரியில் 983 கிலோ. அந்த 14 கிலோ வித்தியாசம்தான் இந்த மொத்த ஓட்டத்தையும் நடத்துகிறது. தொட்டியின் மேல்பக்கத்திலிருந்து வெந்நீர்க் குழாய் கிளம்பி பாத்ரூம்களுக்கு இறங்குகிறது. முதுகிலிருந்து கிளம்புகிற ஒல்லிக் குழாய்தான் ஏர் வென்ட்.

சில வருஷம் எங்கள் வீட்டில் இது குறையில்லாமல் ஓடியது. பிறகு மாடியில் ஒரு அறையும் பாத்ரூமும் கட்டினோம். அந்த வேலையோடு பழைய சின்டெக்ஸை எடுத்துவிட்டு உயரமான புதுத் தொட்டி வைத்தார்கள். வேலை முடிந்து ஆட்கள் போன பிறகு மூன்று தொல்லைகள் ஆரம்பித்தன. கீழ் பாத்ரூமில் வெந்நீர்க் குழாயைத் திறந்தால் புஸ்ஸென்று காற்று, கொஞ்சம் தண்ணீர், மறுபடி காற்று, பிறகு நூல் மாதிரி ஒழுகல். அப்படி வருகிற தண்ணீரும் நாளெல்லாம் சுள்ளென்று வெயில் அடித்த நாளில்கூட வெதுவெதுப்புதான். மூன்றாவது, ஏர் வென்ட்டிலிருந்து தண்ணீர் வழிந்து தளம் பாசி பிடித்தது.

பார்க்க வந்தவர்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள். ட்யூப் போய்விட்டது, மொத்த செட்டையும் மாற்றுங்கள் என்றார் ஒருவர். பிரஷர் பம்பு போடுங்கள் என்றார் இன்னொருவர். வென்ட்டுக்கு மூடி போட்டால் தண்ணீர் கீழே அழுத்தமாக இறங்கும் என்றார் மற்றொருவர். இந்த மூன்றாவது யோசனைதான் என்னை உட்கார்ந்து யோசிக்க வைத்தது. மூடுவதற்காகவா ஒரு குழாயைத் திறந்து வைத்துச் செய்திருப்பார்கள்?

எங்கள் பக்கத்து இறையூர் சர்க்கரை ஆலையில் பாய்லர் பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் இருக்கிறார். அவரிடம் போய்ச் சொன்னேன். வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து, நேராக மாடி ஏறினார். முதலில் தொட்டியையோ ட்யூப்பையோ பார்க்கவில்லை. வென்ட்டைப் பார்த்தார்.

"மூடலியே?"

"மூடச் சொன்னாங்கய்யா. நான் விடல."

"நல்ல வேலை செஞ்சீங்க தம்பி. ஆலையில சேஃப்டி வால்வைக் கட்டி வச்சா அன்னிக்கே வீட்டுக்கு அனுப்பிடுவான். இங்க ஊரே கட்டி வச்சிருக்கு."

அவர் சொன்னதைக் கணக்காகவே போட்டுப் பார்க்கலாம். தண்ணீர் சூடானால் விரியும். 200 லிட்டர் தண்ணீர் 25 டிகிரியிலிருந்து 75 டிகிரிக்குப் போனால் ஏறக்குறைய நாலரை லிட்டர் கூடுகிறது. தண்ணீரை அமுக்கிச் சிறிதாக்க முடியாது. அந்த நாலரை லிட்டருக்கு எங்காவது இடம் வேண்டும். வந்த வழியே சின்டெக்ஸுக்குத் திரும்பலாம், இல்லையென்றால் வென்ட்டில் ஏறலாம். சில வீடுகளில் சூடான தண்ணீர் சின்டெக்ஸுக்குத் திரும்பாமல் இருக்க நான்-ரிட்டர்ன் வால்வு போட்டிருப்பார்கள். அந்த வீட்டில் வென்ட்டையும் மூடிவிட்டால் இரண்டு வழியும் அடைபட்டுப் போகிறது. நம் தொட்டிகள் அழுத்தம் தாங்கச் செய்தவை அல்ல. மெல்லிய ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் உருளை, அதைச் சுற்றிச் சூடு காக்கும் ஃபோம், வெளியே பெயின்ட் அடித்த தகடு, அவ்வளவுதான். தொட்டி உப்பும், ரப்பர் வளையம் பிதுங்கும், ட்யூப் கழன்று விழும்.

இதற்கு நேர்மாறான ஆபத்தும் உண்டு. அதை நம் ஊரில் யாருமே சொல்வதில்லை. சின்டெக்ஸிலிருந்து வருகிற பச்சைத் தண்ணீர்க் குழாய் அடைத்துப்போயிருக்கிறது, அல்லது யாரோ வால்வை மூடிவிட்டார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். கீழ்த்தளத்தில் வெந்நீரைத் திறக்கிறீர்கள். தொட்டியிலிருந்து தண்ணீர் இறங்குகிறது, அந்த இடத்தை நிரப்பக் காற்று வர வேண்டும். வென்ட் மூடியிருந்தால் வராது. 6 மீட்டர் உயரத் தண்ணீர் கீழே தொங்கிக்கொண்டு தொட்டியை உறிஞ்சும். ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 0.6 கிலோ. தொட்டியின் பக்கத் தகடு 45 சென்டிமீட்டர் விட்டம் என்றால் அதன் மேல் வெளிக்காற்று அழுத்துகிற எடை 950 கிலோ வரை போகலாம். மாருதி கார் ஒன்றை அந்தத் தகட்டின் மேல் நிறுத்தின மாதிரி. உள்பக்கமாக நெளிந்துபோன ஒரு தொட்டியை நானே பார்த்திருக்கிறேன். மட்டமான தகடு என்று வீட்டுக்காரர் கம்பெனியைத் திட்டிக்கொண்டிருந்தார். மேலே பார்த்தால் வென்ட்டில் எண்ட் கேப் பசை போட்டு ஒட்டியிருந்தது.

இனி எங்கள் வீட்டு வென்ட் ஏன் வழிந்தது என்பதற்கு வருகிறேன். பெரியவர் ஒரு கேள்விதான் கேட்டார்: "எப்ப வழியுது?" வெயில் நேரத்திலா, ராத்திரியிலா, எப்போதுமா? அம்மாதான் பதில் சொன்னார்கள்: "மோட்டார் போட்டு நிறுத்தினப்புறம்தான்யா சொட்டும்." அதிலேயே விடை இருந்தது. வென்ட்டும் சின்டெக்ஸும் வெந்நீர்த் தொட்டி வழியாக இணைந்தவை. சின்டெக்ஸில் தண்ணீர் எந்த மட்டத்தில் நிற்கிறதோ அதே மட்டத்துக்கு வென்ட்டிலும் ஏறி நிற்கும். பழைய சின்டெக்ஸ் குள்ளம், அதற்குத் தகுந்த உயரத்தில் வென்ட் இருந்தது. புதுத் தொட்டி உயரம், ஆனால் வென்ட்டை யாரும் உயர்த்தவில்லை. தொட்டி நிரம்பினால் வென்ட் வழியத்தான் செய்யும். நூல் பிடித்துப் பார்த்தோம், சின்டெக்ஸின் நிரம்பிய மட்டத்துக்கு வென்ட் வாய் அரை அடி கீழே இருந்தது. குழாயை நீட்டி, நிரம்பிய மட்டத்துக்கு ஓர் அடிக்கு மேல் உயர்த்தி, மழைத்தண்ணீரும் பூச்சியும் இறங்காமல் வாயைக் கீழ்நோக்கி வளைத்தோம். சொட்டு நின்றது. செலவு ஒரு துண்டுக் குழாயும் இரண்டு எல்போவும். வழியாமல் இருப்பதற்கு வழி உயர்த்துவதுதான், மூடுவதல்ல.

ஒரு எச்சரிக்கை. வழிகிற தண்ணீர் வீணாகிறதே என்று வென்ட்டை வளைத்து சின்டெக்ஸுக்குள்ளேயே விட்டிருக்கிறார்கள் சிலர். செய்யாதீர்கள். பிளாஸ்டிக் தொட்டி சூட்டுக்குச் செய்ததல்ல. 2006-இல் இங்கிலாந்தின் டான்டன் ஊரில் ஒரு வீட்டில் மின் ஹீட்டரின் தெர்மோஸ்டாட் கெட்டு, கொதிக்கிற தண்ணீர் வென்ட் வழியாகப் பரண் மேல் இருந்த பிளாஸ்டிக் தொட்டிக்குப் போய்க்கொண்டே இருந்திருக்கிறது. தொட்டி இளகி உடைந்து, கீழே தூங்கிக்கொண்டிருந்த கைக்குழந்தை இறந்துபோனது. நம் சோலார் தொட்டிகளிலும் மழைக்காலத்துக்கென்று மின்சாரக் காயில் வைத்திருக்கிறோம். அதன் தெர்மோஸ்டாட் வேலை செய்கிறதா என்று யாராவது பார்க்கிறோமா?

இங்கிலாந்துக் கதை எனக்கு எப்படித் தெரியும் என்றால், லண்டன் ஈஸ்ட்ஹாமில் இருக்கிற என் சித்தி மகன் சொல்லித்தான். எங்கள் வீட்டுத் தொல்லை நடந்த சமயத்தில் அவனும் தன் வீட்டில் இதே மாதிரி ஒரு தொல்லையில் இருந்தான். அங்கே வெந்நீர் குளிக்க மட்டுமல்ல, வீட்டையே சூடாக வைத்திருக்கிறது. பாய்லரில் சூடாகிற தண்ணீரை ஒரு பம்பு அறை அறையாகச் சுவரோரம் இருக்கிற ரேடியேட்டர்களுக்குள் சுற்றிவிடுகிறது. பழைய வீடுகளில் இதற்கென்று பரணில் ஒரு சின்னத் தொட்டி இருக்கும். மிதவை வால்வோடு, நம் வாளி இரண்டு மூன்று கொள்ளுகிற அளவுதான். சூட்டில் விரிகிற தண்ணீர் அதில் ஏறும், குறைந்தால் அதிலிருந்து இறங்கும். பாய்லர் பக்கத்திலிருந்து ஒரு திறந்த குழாய் ஏறி அந்தத் தொட்டியின் விளிம்புக்கு மேல் வளைந்து நிற்கும். அதுவும் வென்ட்தான். போனில் அவன் சொல்லச் சொல்ல எனக்கு எங்கள் மாடியே கண்ணில் தெரிந்தது.

"அண்ணே, மேல் ரூம் ரேடியேட்டர் எல்லாம் ஜில்லுனு கெடக்கு. பரண்ல ஏறிப் பார்த்தா வென்ட்ல இருந்து சுடுதண்ணி தொட்டிக்குள்ள கொட்டுது."

"தொட்டி மட்டம் சரியா இருக்கா?"

"மட்டம் சரியாத்தான் இருக்கு. வந்து பார்த்தவர் ஒரு காந்தத்தை எடுத்து அடிக் குழாயில வச்சார். ஒட்டிக்கிச்சு. செப்புக் குழாய்ல எப்படிண்ணே காந்தம் ஒட்டும்?"

எனக்கும் புரியவில்லை. பிறகுதான் விளக்கினான். ரேடியேட்டர்கள் இரும்பு. வருஷக்கணக்கில் உள்ளே அரித்து, கறுப்பாக ஒரு சேறு உண்டாகிறது. அது காந்தத்துக்கு ஒட்டுகிற இரும்பு ஆக்சைடு. சின்னத் தொட்டியிலிருந்து இறங்குகிற குழாய் சேருமிடத்தில் அது கெட்டியாக அடைத்துக்கொள்கிறது. செப்பில் காந்தம் ஒட்டினால் உள்ளே சேறு நிற்கிறது என்று பொருள். இறங்கும் வழி அடைபட்டால் பம்பு தள்ளுகிற தண்ணீர் வென்ட்டில் ஏறிக் கொட்டும், கொட்டும்போது காற்றையும் இழுத்துக்கொண்டு வரும், காற்று சேரச் சேர அரிப்பு இன்னும் கூடும். அடைத்த துண்டை வெட்டி எடுத்துப் புதுக் குழாய் போட்டு, மொத்தத் தண்ணீரையும் வடித்துக் கழுவி, அரிப்பைத் தடுக்கும் மருந்து ஊற்றினார்களாம். ரேடியேட்டரில் சேர்ந்த காற்றை எடுக்க ஒரு சின்னச் சாவி இருக்கிறது. அதைத் திருப்பினால் முதலில் புஸ்ஸென்று காற்று, பிறகு தண்ணீர் வந்ததும் மூடிவிட வேண்டும். அவனுக்கு இரும்புச் சேறு, எங்களுக்குச் சுண்ணாம்பு. மற்றபடி கதை ஒன்றேதான்.

சுண்ணாம்பு என்றதும் எங்கள் மண்ணைச் சொல்ல வேண்டும். வெள்ளாற்றைத் தாண்டினால் அரியலூர் மாவட்டத்துச் சுண்ணாம்புக்கல் பூமி. தளவாயிலிருந்து ஆரம்பித்து சிமென்ட் ஆலைகள் வரிசையாக நிற்பது அதனால்தான். டைனோசர்கள் நடமாடிய கிரெட்டேசியஸ் காலத்தில் அங்கே கடல் இருந்தது. சுண்ணாம்புக்கல் சுரங்கங்களில் அம்மோனைட் என்னும் கடல் உயிரிகளின் சுருள் ஓடுகள் இன்றைக்கும் கிடைக்கின்றன. ஆற்றுக்கு இந்தப் பக்கம் எங்கள் போர் தண்ணீரும் லேசுப்பட்டதல்ல. சோறு வடிக்கிற பாத்திரத்தில் வெள்ளை படியும், சோப்பு நுரைக்காது. குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம், ஐ.எஸ். 10500, கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை இருந்தால் நல்லது, வேறு வழியில்லாவிட்டால் 600 வரை என்கிறது. எங்கள் போர் தண்ணீர் அந்த மேல் எல்லையை ஒட்டித்தான் நிற்கிறது.

தண்ணீரைக் கடினமாக்குகிற இந்த உப்புக்கு ஒரு குணம் உண்டு. சர்க்கரை சூட்டில் நன்றாகக் கரையும், இது சூட்டில் பிரியும். பச்சைத் தண்ணீரில் கண்ணுக்குத் தெரியாமல் கரைந்திருக்கிற கால்சியம் பைகார்பனேட், தண்ணீர் சூடானதும் கரியமில வாயுவை விட்டுவிட்டு கால்சியம் கார்பனேட்டாகப் படிகிறது. அதனால் பச்சைத் தண்ணீர்க் குழாய் நன்றாக இருக்கும், வெந்நீர்க் குழாய் மட்டும் அடைக்கும். ட்யூப்பின் அடியில் மணல் மாதிரி சேரும். ஷவரின் ஓட்டைகளில் பொருக்காக உட்காரும். பெரியவர் பிறகு கீழ் பாத்ரூம் குழாயின் வாயைக் கழற்றி உள்ளங்கையில் தட்டினார். வெள்ளைக் குருணை கொட்டியது. "இது பாதி வியாதி. மீதி வேற" என்றார்.

மீதி காற்று. புது பாத்ரூமுக்குக் கிளை எடுத்தபோது வெந்நீர்க் குழாயை ஒரு பீமுக்கு மேலே ஏற்றி மறுபக்கம் இறக்கியிருந்தார்கள். மேலே சிமென்ட் பூசிவிட்டதால் வெளியே தெரியாது. சுவரைத் தட்டித் தட்டிப் பார்த்துத்தான் கண்டுபிடித்தோம். புவியீர்ப்பை மட்டுமே நம்பி ஓடுகிற தண்ணீர் அது. சூடான தண்ணீரிலிருந்து கரைந்த காற்று குமிழ் குமிழாகப் பிரிந்து, அந்த மேட்டில் போய்த் தங்கிவிடுகிறது. தண்ணீருக்கு அதைத் தள்ளிவிடுகிற அழுத்தம் இல்லை. பிளம்பர்கள் ஏர் லாக் என்பது இதைத்தான்.

எடுக்கிற வழி எளிது. கீழ் பாத்ரூமில் வெந்நீர்க் குழாய் வாயையும் பச்சைத் தண்ணீர்க் குழாய் வாயையும் ஒரு ஹோஸ் துண்டால் இணைத்துக் கிளிப் போட்டு இறுக்கினோம். சின்டெக்ஸ் நிரம்பியிருக்கிற நேரம் பார்த்து, முதலில் வெந்நீரையும் பிறகு பச்சைத் தண்ணீரையும் திறந்தோம். பச்சைத் தண்ணீர் பின்பக்கமாக ஏறிக் காற்றைத் தள்ளிக்கொண்டு தொட்டிக்குப் போய், காற்று வென்ட் வழியாக வெளியேறியது. மாடியில் நின்ற பிளம்பர் தம்பி, "அண்ணே, குபுகுபுன்னு வருதுண்ணே!" என்று கத்தினான். ஹோஸைக் கழற்றியதும் கீழே பெருவிரல் தடிமனில் தண்ணீர். இது அப்போதைக்கு. நிரந்தரத் தீர்வு குழாயின் வழியை மாற்றுவதுதான். வெந்நீர்க் குழாய் தொட்டியை விட்டுக் கிளம்பினால் இறங்கிக்கொண்டே போக வேண்டும், நடுவில் ஏறக் கூடாது. பீமுக்கு மேலே போனதை வெட்டிவிட்டுச் சுவருக்கு வெளியே நேராக இறக்கினோம். சி.பி.வி.சி. குழாய்தான் போட வேண்டும். அது 90 டிகிரி வரை தாங்கும். சாதாரண வெள்ளை பி.வி.சி. 60 டிகிரி தாண்டினாலே இளகித் தொங்கும்.

தண்ணீர் தாராளமாக வந்தது. ஆனால் வெதுவெதுப்பு மாறவில்லை. இங்கேதான் பெரியவரின் சோதனை எனக்கு மிகவும் பிடித்தது. வெந்நீர்த் தொட்டிக்குள் பச்சைத் தண்ணீர் நுழைகிற குழாயை மூடச் சொன்னார். மூட வால்வே இல்லை! சின்டெக்ஸிலிருந்து நேராகக் கொடுத்திருந்தார்கள். ஒரு பால் வால்வு வாங்கிப் போட்ட பிறகுதான் சோதனையே நடந்தது. விடியற்காலையில், வெயில் ஏறுமுன், வென்ட் திறந்திருக்கிறதா என்று உறுதி செய்துகொண்டு வால்வை மூடினோம். கீழே வெந்நீரைத் திறந்தோம். செப்பு பாய்லர் கணக்குதான், பச்சைத் தண்ணீர் நுழையாவிட்டால் வெந்நீர் வரக் கூடாது. குழாயில் நிற்பதும் தொட்டியின் மேல்மட்டத்தில் இருப்பதும் கொஞ்சம் வந்துவிட்டு நின்றுவிட வேண்டும். நிற்கவில்லை. பக்கெட் பக்கெட்டாக வந்தது, அதுவும் பச்சைத் தண்ணீராக.

"வேற எங்கியோ ரெண்டு லைனும் கை கோத்திருக்கு தம்பி" என்றார்.

கை கோத்த இடம் மாடியில் இருந்த புது பாத்ரூம். மிக்ஸரில் கைப்பிடி ஷவர் மாட்டியிருந்தது. ஷவரின் தலையிலேயே ஒரு பட்டன் உண்டு. குளித்து முடித்தவர்கள் அதை மட்டும் அமுக்கித் தண்ணீரை நிறுத்திவிட்டு, வெந்நீர், பச்சைத் தண்ணீர் இரண்டு திருகையும் திறந்தபடியே விட்டுப் போகிறார்கள். தண்ணீர் வெளியே வராததால் யாருக்கும் தெரியாது. ஆனால் மிக்ஸருக்குள் இரண்டு லைனும் ஒன்றாகிவிட்டன. கீழே வெந்நீரைத் திறந்தால் மேல் மிக்ஸர் வழியாகப் பச்சைத் தண்ணீரும் குறுக்கே புகுந்து கலந்து வருகிறது. திருகுகளை மூடிவிட்டு மறுபடி சோதித்தோம். கொஞ்சம் வந்தது, நின்றது. வால்வைத் திறந்தோம். அன்றைக்குச் சாயங்காலம் அம்மா, "ஏம்பா, கை வைக்க முடியல, கொஞ்சம் பச்சைத் தண்ணி ஊத்து" என்றார்கள். அதைக் கேட்க எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்பதை எழுதத் தெரியவில்லை. இப்போது அந்தப் பாத்ரூமில் இரண்டு லைனிலும் சின்ன நான்-ரிட்டர்ன் வால்வு போட்டாயிற்று. திருகுகளை மறந்தாலும் குறுக்கே போகாது. வெந்நீர் வரவில்லை, ட்யூப் மாற்ற வேண்டும் என்று யாராவது சொன்னால், இந்தச் சோதனையை முதலில் செய்து பாருங்கள். பலருக்குப் பெரிய தொகை மிச்சமாகும் என்று நம்புகிறேன்.

ட்யூப் கெட்டுப்போகாது என்று நான் சொல்லவில்லை. அதைப் பார்க்கவும் வழி இருக்கிறது. ஒவ்வொரு ட்யூப்பும் இரட்டைக் கண்ணாடி, நடுவில் வெற்றிடம். அடிமுனையில் வெள்ளி முலாம் மாதிரி பளபளப்பது பேரியம் பூச்சு. வெற்றிடம் போய் உள்ளே காற்று புகுந்தால் அது பால் வெள்ளையாக மாறிவிடும். நல்ல ட்யூப்பை நடுப்பகலில் வெளியே தொட்டால் கை சுடாது, உள்ளே மட்டும் கொதிக்கும். ஒன்று மட்டும் வெளியே சுட்டால் அதை மட்டும் மாற்றினால் போதும். தண்ணீரில்லாமல் வெயிலில் காய்ந்த ட்யூப்பில் மட்டும் நடுப்பகலில் மோட்டார் போட்டுத் தண்ணீர் விட்டுவிடாதீர்கள், படீரென்று உடையும். தொட்டி காலியாகிவிட்டால் இரவு வரை பொறுத்து நிரப்புங்கள்.

உப்பை எடுக்க ஆசிட் ஊற்றுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது. கக்கூஸ் கழுவுகிற அந்த ஆசிட் ஹைட்ரோகுளோரிக். சுண்ணாம்பை உடனே கரைக்கும், கூடவே அதிலுள்ள குளோரைடு ஸ்டெயின்லெஸ் ஸ்டீலைப் புள்ளி புள்ளியாக அரித்து ஓட்டை போடும். சிட்ரிக் ஆசிட் தூள் போதும். மளிகைக் கடையில் எலுமிச்சை உப்பு என்று கேட்டால் கொடுப்பார்கள். தண்ணீரில் கரைத்து, கழற்றிய ஷவரையும் குழாய் வாயையும் ராத்திரி ஊறப் போட்டால் காலையில் பொருக்கு உரிந்து வரும். ட்யூப்பைக் கழற்றிக் குருணையைக் கொட்டுவதைப் பழகிய ஆளை வைத்துச் செய்யுங்கள். ரப்பர் வளையத்தில் சோப்புத் தண்ணீர் தடவாமல் திருகினால் வளையம் கிழியும். சில தொட்டிகளில் மக்னீசியம் ராடு ஒன்று இருக்கும். தொட்டிக்குப் பதில் தான் அரித்துப்போவதுதான் அதன் வேலை. உங்கள் தொட்டியில் அது இருக்கிறதா என்று கேளுங்கள், கரைந்துபோயிருந்தால் மாற்றுங்கள்.

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வெயிலை நம்ப முடியாது, மின் காயிலைப் போட வேண்டியிருக்கும். நாள் முழுக்க ஓட விடாதீர்கள். 100 லிட்டரை 25 டிகிரி உயர்த்த 3 யூனிட்டுக்குச் சற்றுக் குறைவாகத்தான் ஆகும், 2 கிலோவாட் காயிலில் ஒன்றரை மணி நேரம். மார்கழியில் இன்னொன்றைக் கவனியுங்கள். நம் அட்சரேகையில் டிசம்பர் நடுப்பகல் சூரியன் தெற்கு வானத்தில் 55 டிகிரி உயரத்தில்தான் நிற்கும். சித்திரையில் நிழல் விழாத இடத்தில் பக்கத்து வீட்டுத் தென்னையின் நிழல் மார்கழியில் வந்து விழும். தொட்டியை எங்கே வைப்பது என்று முடிவு செய்யுமுன் அதையும் பாருங்கள்.

புதிதாக வீடு கட்டுகிறவர்களுக்கும் மாடி எடுக்கிறவர்களுக்கும் என் வேண்டுகோள் இதுதான். சோலார் தொட்டிக்குப் பச்சைத் தண்ணீர் வருகிற இடத்தில் ஒரு வால்வும், வெந்நீர் கிளம்புகிற இடத்தில் ஒரு வால்வும், ஒவ்வொரு பாத்ரூமுக்கும் தனி வால்வும் கேட்டு வாங்குங்கள். மேஸ்திரி தேவையில்லை என்பார், விடாதீர்கள். சின்டெக்ஸை மாற்றினால் அன்றைக்கே வென்ட்டின் உயரத்தையும் நூல் பிடித்துப் பாருங்கள். சுவர் பூசுவதற்கு முன்னால், எந்தக் குழாய் எந்த வழியாகப் போகிறது என்பதைச் செல்போனில் படம் எடுத்து வீட்டுப் பத்திரத்தோடு வையுங்கள்.